காசு வேசம்

மத்தியான வகுப்பில் நான்தான் காசு. கமலாசனி என்று எனக்கொரு பெயர் இருப்பதையே மறந்து திரிந்த காலம் அது.

கூட்டுறவுச் சங்கக்கடை வேலைக்கு ஆள் பழக்க எங்கள் முரசுமோட்டைக்கு வந்தவர் மஸாஹிர் மாஸ்ரர். கணக்குப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரில் ஒரு கடை வைத்து, எங்களை அதற்குள் இறக்கிவிட்டார். ஒருத்தி சரக்கு, ஒருவன் கடன்காரன், நான் கதிரையில் இருக்கும் காசு. சரக்கு வெளியே போனால் நான் உள்ளே வருவேன். சரக்கு வாங்கினால் நான் எழும்பிப் போவேன். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கணக்கு எழுதுவார்கள். வெக்கைக்குக் கண் சொருகும். அந்த அரைத் தூக்கத்தில் இல்லாத கடையின் மிளகாய் மூட்டைகூட எனக்கு மணக்கும்.

ஒருநாள் மாஸ்ரர் களவைப் படிப்பிக்க நினைத்தார். மனேச்சராக நடித்த யோகநாதன் சரக்கு வாங்கியதாகப் பொய்ச் சிட்டை எழுதிவிட்டு என்னை எடுத்துப்போக வேண்டும். வகுப்பில் அவனைப்போலக் கணக்குத் தெரிந்தவன் இல்லை. விரலை அசைத்துக் கூப்பிட்டான். எழும்பி அவன் பின்னால் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனோடு போக எனக்கு ஆசையாகவே இருந்தது. மணி அடித்தது, பாடம் முடிந்தது.

யன்னலில் நின்று பார்த்த சனத்துக்கு அந்தப் பாடம் முடியவில்லை. கூத்தில் எமன் வேசம் கட்டினவனைச் சாகும்வரை எமன் என்று கூப்பிடுகிற ஊர் இது. யோகநாதன் 'கள்ள மனேச்சர்' ஆகிவிட்டான். சங்கக்கடை மனேச்சர் வேலையை நம்பித்தான் அவன் வீடே இருந்தது. தகப்பன் இல்லை, கலியாண வயதில் தங்கச்சிமார்.

நேர்முகத்துக்கு ஊரே வந்து நின்றது. சங்கத் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, அந்தக் காசு எங்கை?"

"ஐயா, அது கதையெல்லோ."

"கதைதான். கதையிலை எடுத்த காசு எங்கை எண்டுதான் கேக்கிறன்."

யோகநாதன் தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சனத்துக்கு நியாயம் சொல்லி மாளாது. கதவடியில் நின்றவள் விறுவிறென்று உள்ளே போனேன்.

"நான்தான் ஐயா அந்தக் காசு. மணி அடிச்ச உடனை திரும்பி வந்து என்ரை கதிரையிலை இருந்திட்டன். நீங்கள் எல்லாரும் அதுக்கிடையிலை யன்னலை விட்டுப் போட்டியள்."

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "காசே வந்து சொல்லுது. பிறகென்ன?"

அன்றைக்கே வேலையைக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது வயல்வெளி வெயிலில் மயங்கிக் கிடந்தது. பின்னால் வந்த யோகநாதன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"கமலா, உண்மையாத் திரும்பி வந்தனீரோ?"

முகத்தில் விளையாட்டில்லை. கள்ளன், கள்ளன் என்று கேட்டுக் கேட்டு, பாவம், அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இல்லை," என்றேன்.

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டே எங்கள் வீட்டுப் படலைவரைக்கும் நடந்து வந்தான்.