மஞ்சள் வைத்த இடம்

போட்டுப் பார்த்த புதுக் கோட்டின் இடது கையில் மாப்பிள்ளை பார்த்திபன் பாயசத்தைக் கொட்டிக்கொண்டபோது எல்லாரும் பதறினார்கள், பெண்ணின் அம்மா லீலாவதியைத் தவிர. கோட்டு பெண் வீட்டுச் சீர். வரவேற்புக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. "காஞ்சிபுரத்துல டிரை கிளீனிங் குடுத்துடலாங்க" என்றாள் சம்பந்தியம்மா ராணியம்மாள். "எதுக்குங்க? என்னாண்ட வுட்டுட்டுப் போங்க" என்று லீலாவதி வாங்கி மடித்துக்கொண்டாள்.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. வாஷிங் மெஷின் வாங்கியதிலிருந்து உத்திரமேரூரில் அந்தத் தெருவுக்கே துணி லேபிள் படித்துச் சொல்கிறவள் அவள்தான். தொட்டிப் படம் போட்டிருந்தால் துவைக்கலாம், தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும், பெருக்கல் குறி விழுந்தால் கூடவே கூடாது. ஜோசியரிடம் கையை நீட்டுவது மாதிரி பெண்கள் நைட்டியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். தட்சணை வைக்காததுதான் பாக்கி.

பக்கத்து வீட்டுச் சுதா, ஒத்தாசை என்ற பெயரில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தாள். புதுத்துணிக்கு வைக்கிற மஞ்சளை, துணியில் வைத்தால் கறையாகிவிடும் என்று கோட்டின் உள்ளிருந்த லேபிளிலேயே அப்பியிருந்தாள் லீலாவதி. தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே ஒரு பெருமை.

"தொட்டி தெரியிது பாரு. துவைக்கலாம்."

"அதும்மேல இன்னாவோ கோடு மாதிரி கீதேக்கா."

"என் வெரலு இழுத்த மஞ்சக் கோடுடி அது."

கோட்டுக் கையை மட்டும் வெந்நீரில் முக்கிக் கசக்கினாள். பாயசம் சுவடில்லாமல் போயிற்று; அந்த மட்டில் அவளைக் குறை சொல்ல முடியாது. காய்ந்தபின் பார்த்தால் அந்தக் கை மற்றதைவிட மூன்று விரல் குட்டை. சுதா ஈரத்துணியால் லேபிளைத் துடைத்தாள். மஞ்சள் வழிந்து, தொட்டியின் மேல் பெருக்கல் குறி கறுப்பாக நின்றது.

"பேஜாராப் பூட்ச்சேக்கா."

"யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத."

"நான் யாராண்டக்கா சொல்லப்போறேன்" என்ற சுதா அப்போதே செருப்பைத் தேடினாள்.

லீலாவதி இஸ்திரி போட்டு இழுத்துப் பார்த்தாள். கை வளரவில்லை. மகள் சாந்தினி அந்த வீட்டில் வாழப்போகிற காலமெல்லாம் இந்தக் கை பேச்சில் நீண்டுகொண்டே போகுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

மண்டபத்து அறையில் பார்த்திபன் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தான்.

"நாங்க போட்ட வாட்ச்சு வெளிய தெரிய வேணாமா மாப்ளே? அதான் அந்தப் பக்கம் சுருக்கி வெச்சிருக்குது" என்றாள் லீலாவதி. குரலில் துளி நடுக்கம் இல்லை.

ராணியம்மாள் கிட்டே வந்து அந்தக் கையை இரு விரலால் கசக்கிப் பார்த்தாள். பிறகு லீலாவதியைப் பார்த்தாள். வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது.

"ஆடாம நில்லு நைனா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, தாலிச்சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, கோட்டின் வலது கை நுனியை உள்பக்கமாக மடிக்கத் தொடங்கினாள். லீலாவதி தன் சரட்டில் இருந்த ஊக்கையும் கழற்றி நீட்டினாள். ராணியம்மாள் அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வாயில் ஊக்கோடு, கண்ணைச் சுருக்கி, மடிப்பை நிதானமாக அளந்துகொண்டிருந்தாள்.