மூன்றாம் முறை கழன்ற ஹோஸ்

பம்பருக்கு அடியில் தலையை நுழைத்திருந்த சரிதா, கொதிக்கும் அலுமினியக் குழாயில் துணியைச் சுற்றி ஹோஸைப் பிடித்து ஆட்டினாள். ஆட்டவே வேண்டாம், அதுவாகவே கையோடு வந்துவிட்டது. காலையிலிருந்து மூன்றாம் முறை.

மணி எட்டு ஐந்து. ஒன்பதுக்குள் சேத்தியாத்தோப்புப் பாலத்தில் நிற்க வேண்டும். தவறினால் நாளை ஏற்காடு மலையேறும் பதினோரு கார்களில் அவளுடையது இருக்காது.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த கார் கிளப்பை நடத்தும் கருணாகரன் கறார்ப் பேர்வழி. வீட்டில் கைவைத்து மாற்றிய வண்டி எதுவானாலும், முந்தின நாளே நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து பாலம்வரை ஓடிக் காட்டியாக வேண்டும். வழியில் நின்றால் காரணம் சொல்ல வேண்டும். சாமான் கோளாறு என்றால் மன்னிப்பு உண்டு. மாட்டியவர் கோளாறு என்றால் அடுத்த வருஷம்தான்.

சரிதா சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷன் ஃபிட்டர், பர்மனென்ட். பழைய டீசல் காரின் முகப்பில் லாரி இன்டர்கூலர் ஒன்றைக் கச்சிதமாக உட்கார வைத்தது அவள் கைதான். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்று அந்தப் பெட்டிக்குள் போய்க் குளிர்ந்து எஞ்சினுக்கு வர வேண்டும். இப்போதோ ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பெட்டியையும் குழாயையும் இணைக்கும் கீழ் ஹோஸ் 'டப்'பென்று கழன்றுகொள்கிறது. பின்னால் கரும்புகை. வண்டி கட்டைவண்டியாகிவிடுகிறது.

கணவன் குமரவேல் பக்கத்தில் குடை பிடித்து நின்றான். மணப்பெண் அலங்காரம் அவன் தொழில். சாயந்திரம் சேத்தியாத்தோப்பில் ஒரு ரிசப்ஷன் இருந்ததால் பின்சீட்டில் அவனுடைய மேக்கப் பெட்டியும் வந்திருந்தது.

சுரங்கத்துக்குப் போகும் ஜெனரல் ஷிஃப்ட் பஸ் ஒன்று அவர்களைப் பார்த்து வேகம் குறைத்தது. "என்னா சரிதா, தள்ளிக்கினே ஏற்காடு போறியா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். அவள் ஸ்பேனரை உயர்த்திக் காட்டினாள். பஸ் முழுக்கச் சிரிப்பு.

முதலில் கிளாம்ப்பைப் பார்த்தாள். இறுக்கம் குறையவில்லை. ஹோஸை மடக்கிப் பார்த்தாள். விரிசல் இல்லை. அது வழுக்கிக் கழன்றுவிடக் கூடாதென்று குழாயின் வாயில் அவளே வெல்டிங்கில் போட்ட வளையமும் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் அளவில்தான் தப்பு என்று குமரவேல் முடிவே கட்டிவிட்டான். ஹோஸ் விற்ற மேல்பட்டாம்பாக்கம் அருண்ராஜைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தான். அருண்ராஜ் பாவம், அளந்து பாருங்கண்ணே, அளந்து பாருங்கண்ணே என்று கெஞ்சினான். அளந்தார்கள். மயிரிழை பிசகவில்லை.

சரிதா ஹோஸின் உள்ளே விரலை விட்டாள். விரல் அப்படியே நின்றது.

"ஏங்க, பெட்டியில நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்குதா? பஞ்சும் எடுங்க. ஹேர் ஸ்ப்ரேயும்."

"ஹோசுக்கு மேக்கப்பா?"

"முகூர்த்தத்துக்கு நேரமாவுது, குடுங்க."

அவன் பெட்டியைத் திறந்து வருவதற்குள் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள். என்ன கண்டாய் என்று கேட்டதற்கு, அழுக்கு என்று மட்டும் சொன்னாள்.

குழாயையும் ஹோஸின் உட்புறத்தையும் பஞ்சால் தேய்த்தாள். பஞ்சு தீரும்வரை தேய்த்தாள். பிறகு இரண்டின் மீதும் ஹேர் ஸ்ப்ரே அடித்து, ஈரம் காய்வதற்குள் ஹோஸை முழு பலத்தோடு ஏற்றிக் கிளாம்ப்பை முறுக்கினாள். கொண்டையைப் பிடித்துவைக்கும் பசை குழாயையும் பிடிக்கட்டும் என்று ஐந்து நிமிஷம் விட்டாள். அந்த ஐந்து நிமிஷமும் குமரவேல் கடிகாரத்தைப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை.

மந்தாரக்குப்பம் தாண்டியதும் மிதித்தாள். காற்றழுத்த முள் ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது. கண்ணாடியில் புகை இல்லை. இரு பக்கமும் பச்சை வயல் ஓட, குமரவேல் சீட்டில் சாய்ந்து ஏதோ முணுமுணுத்துப் பாடத் தொடங்கினான். அவளுக்கும் பாட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் பாடவில்லை.

எட்டு ஐம்பத்தாறுக்குப் பாலம். கருணாகரன் குனிந்து பார்த்துவிட்டு நோட்டில் அவள் பெயரை எழுதினார். வழியில் எங்காவது நின்றீர்களா, ஏன் என்று கேட்டார். மனைவியைக் காப்பாற்றும் அவசரத்தில் குமரவேல் முந்திக்கொண்டு, கடைக்காரன் கொடுத்த ஹோஸ் சரியில்லை என்று கடையின் பெயரையும் சொல்லிவிட்டான்.

"சாமான் கோளாறா? அப்ப தப்பிச்சீங்கம்மா. இனிமே அந்தக் கடையில யாரும் வாங்காதீங்கன்னு குரூப்புல போட்டுடறேன்." அவர் கட்டைவிரல் போனில் இறங்கியது.

"போடாதீங்க சார்," என்றாள் சரிதா. தொடர்ந்து ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

கருணாகரன் போனைப் பையில் போட்டார். நோட்டைத் திறந்தார். பேனா அவள் பெயருக்கு மேல் போனது, நின்றது, மூடிக்கொண்டது. நாளைக்குக் கடைசி வண்டியாக வரச் சொன்னார். அதுதான் தண்டனை. குமரவேல் பானெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். அருண்ராஜிடம் மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தவளுக்கும் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஹோஸ் நல்ல ஹோஸ் சார். மைன்ஸ்ல எதை மாட்டினாலும் கிரீஸ் தடவித்தான் மாட்டுவோம். அந்தக் கைப்பழக்கத்துல இதுக்கு உள்ளயும் வழிச்சு வழிச்சுத் தடவினது நான்தான்."