பாஸ் வந்தால் ஆள் வந்த மாதிரி

1

ஆதிலட்சுமியின் பிழைப்பு ஒன்றரை ரூபாய்க்கு என் கைக்கு வந்தது. ஜெராக்ஸ், இரண்டு பக்கம். பக்கம் ஒரு ரூபாய் என்றேன். தாளைக் கொண்டுவந்த எழில்மதி முக்கால் ரூபாய்க்கு இறக்கிவிட்டாள், நெய்வேலி மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த என்னிடம். ஜெராக்ஸ் எடுப்பவன் தாளைப் படிக்கக் கூடாது. படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ‘4அ’ என்று ஒரு வரி. கதை அங்கிருந்து வந்தது. மீதியை எழில்மதியே சொன்னாள். அவள் சொல்லாததை நான் போட்டுக்கொண்டேன். எது எவருடையது என்று கேட்காதீர்கள், சரக்கு கலந்தாகிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘2014. நெய்வேலியின் வெயில், வெட்டியெடுத்த நிலக்கரியைப் போல…’

வேண்டாம். நெய்வேலி பற்றி எழுதுகிறவர்கள் அந்த வெயிலை மொத்தமாகக் கொள்முதல் செய்துவிட்டார்கள்.

நேராகவே சொல்கிறேன். எழில்மதி எம்.சி.ஏ. கடைசி வருடம். டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகத் தெருக் கூட்டும் கான்ட்ராக்டர் ஒருவர், வருகை போட கைரேகை மிஷின் வாங்கப்போகிறார். அதற்கான மென்பொருள்தான் இவளுடைய புராஜெக்ட். மென்பொருளுக்கு முன்னால் ‘யூஸ் கேஸ்’ எழுத வேண்டும்: யார் வருகிறார், என்ன செய்கிறார், பதிலுக்கு என்ன நடக்கிறது, படிப்படியாக. அந்த ‘யாருக்கு’ ஒரு குச்சி மனிதரை வரைய வேண்டும். அவர் பெயர் ஆக்டர்.

“நடக்கறத நடக்கறபடியே எழுதணும்மா” என்று சோபியா மேடம் வகுப்பில் சொல்லியிருந்தார். எழில்மதி மூன்று நாள் காலை ஆறு மணிக்கு மஸ்டர், அதாவது ஆள் கணக்கு, எடுக்கும் இடத்தில் போய் நின்று, நடக்கிறபடியே எழுதினாள். தப்பு அங்கேதான் நடந்தது.

*4. பணியாளர் பாஸைக் காட்டுகிறார்.*
*4அ. (மாற்று வழி) பாஸில் உள்ளவருக்குப் பதில் அவர் தங்கை வருகிறார்.*

3

பாஸ் என்பது கான்ட்ராக்டர் கொடுக்கும் வேலை அட்டை. அதில் உள்ளவர் தெருக் கூட்டும் ஆதிலட்சுமி. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறாள். பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் குறிஞ்சிப்பாடியிலிருந்து தங்கை பாப்பா வந்து, அக்காவின் பாஸில் நான்கு மாதமாகக் கூட்டுகிறாள். சூப்பர்வைசர் செபாஸ்டின் பாஸைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

“சார், ஆள் வேறல்ல?” என்று கேட்டாள் எழில்மதி.

“பாஸ் வந்தா ஆள் வந்த மாரிம்மா. நான் கண்ணால பாக்கறது வேற, கையெழுத்துப் போடறது வேற. ரெண்டு வாரங்கழிச்சு திங்கக்கெழமை உன் தாள்ல நாந்தான் கையெழுத்துப் போடணும். பாத்து எழுது.”

[செபாஸ்டினைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.]

4

பயந்துபோய் சோபியா மேடத்திடம் ஓடினாள்.

“ஆக்டர்னா ஆள் இல்லம்மா, அந்த வேலை. யார் வந்தாலும் துப்புரவுப் பணியாளர்தான். ஒரே குச்சி மனுஷன் போதும்.”

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. அடுத்த பாடம் ஆப்ஜெக்ட்: வேலையை விட்டுவிட்டு ஆளைத் தனித்தனியாக எண்ணுவது.

“பேரு, நம்பரு எல்லாம் ஒண்ணாவே இருந்தாலும், ரெண்டு ஆப்ஜெக்ட்னா ரெண்டுதான்” என்றார் மேடம்.

போன வாரம் இல்லாத பாப்பா இந்த வாரம் வந்துவிட்டாள்.

“மேடம், அப்ப ஆள் ஒண்ணா, ரெண்டா?”

“யூஸ் கேஸ் படத்துலயா, ஆப்ஜெக்ட் படத்துலயா? எந்தப் படத்துல கேக்கற?”

எழில்மதி வீட்டுக்குப் போய், நெடுநேரம் தலையணையில் முகம் புதைத்து

[அழுதாள் என்று முடிப்பதாக இருந்தேன். படித்துவிட்டு, “நான் எங்கண்ணா அழுதன்? சாப்ட்டுத் தூங்கிட்டன்” என்றாள். வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.]

5

சனிக்கிழமை ஆதிலட்சுமியின் வாடகை வீட்டுக்கே போய்விட்டாள். இருவரும் ஒரே தெரு.

“எழுதாத எழிலு” என்றாள் ஆதிலட்சுமி, படுத்தபடியே. “எழுத்துல வந்துட்டா பாஸ் போச்சு.”

“எழுதலன்னாலும் போவுதேக்கா. மிஷின் உங்க வெரலக் கேக்கும். பாப்பாக்கா வெரல ஒத்துக்காது. நீங்க எந்திரிக்க இன்னும் ரெண்டு மாசம் ஆவும்னாங்களே.”

“வெரல மட்டும் வெட்டிக் குடுத்தனுப்பட்டா?”

அடுப்படியிலிருந்து பாப்பா குரல் கொடுத்தாள். “எழுதட்டும்க்கா. நாலு மாசமா நாந்தான கூட்டிகினு இருக்கன்? எந்த வூட்டு நாய் கடிக்கும், எந்த வூட்டு அம்மா கத்தும், எல்லாம் எனக்குத்தான் தெரியும். எங்கனா ஒரு காயிதத்துல நான் இருக்கக் கூடாதா?”

“நீ அதுல இருந்தா நான் அதுல இருக்க மாட்டன்டி.”

“தெரியும்” என்றாள் பாப்பா. “தெரிஞ்சிதான் கேக்கறன்.”

எழில்மதி யாரிடம் தேவைகளைக் கேட்டு எழுத வந்தாளோ, அவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். இரண்டும் நியாயம். இரண்டையும் ஒரே தாளில் எழுத முடியாது.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

6அ. வரியை எடுத்துவிடுகிறாள். செபாஸ்டின் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். மிஷின் வருகிறது. பாப்பா விரலை வைத்ததும் சிவப்பு விளக்கு. பதினாறாம் நாள் ஆதிலட்சுமி பெயரை அடித்துவிடுகிறார்கள்.

6ஆ. வரியை விட்டுவைக்கிறாள். பாப்பா ஒரு தாளில் இருக்கிறாள். ஆதிலட்சுமி பெயரை அடிக்கப் பதினாறாம் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

6இ. ஒரு பாஸுக்கு இரண்டு விரல் என்று எழில்மதி புது வழி எழுதுகிறாள். [எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் “ரெண்டு வெரல் எதுக்கு?” என்று கான்ட்ராக்டர் கேட்பாரே. செபாஸ்டின் இடத்தில் நின்று பதில் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.]

திங்கட்கிழமை அவள் தாளோடு போனது உண்மை. அதில் 4அ இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

[கேட்டேன். “கதை உங்களுது, நீங்களே எழுதிக்கங்கண்ணா” என்றாள். எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல்தான்.]

பாஸ், ஒன்று.
பாஸில் பெயர், ஒன்று.
படத்தில் குச்சி மனிதர், ஒன்று.
அந்த வீட்டில் பெண்கள், இரண்டு.
பாக்கி, ஒருத்தி.