ஜான் பேச மறந்த பாட்டு

ஜெசிந்தா இறந்து மூன்று வருடங்கள் ஆகியும், வெள்ளிக்கிழமை காலைக் காட்சிகளில் அவள் கணவன் ஜானுக்குப் பக்கத்து இருக்கை மேலே மடங்கவில்லை. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் இருக்கைதான். ஆனால் ஜான் இரண்டு டிக்கெட் எடுத்து உட்கார்ந்ததும் அடுத்த இருக்கை தானே இறங்கி, ஐம்பது கிலோவைச் சுமப்பதுபோல் அப்படியே நிற்கும். தி.நகரின் அந்தத் தியேட்டரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருக்குகிற முத்துமாரி மட்டும், "அக்கா வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மற்றபடி அங்கே ஏ.சி. சரியில்லை என்பதுதான் பெரிய புகார்.

ஜான் மயிலாப்பூர் வட்டார வாரப் பத்திரிகை ஒன்றில் சினிமா விமர்சனம் எழுதுகிறவன். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற ஜெசிந்தாவுக்குச் சர்க்கரையில் கண் போன பிறகும் அவளைப் படத்துக்கு அழைத்துப்போவான். திரையில் நடப்பதையெல்லாம் அவள் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பான். உண்மையில் தீர்ப்புச் சொன்னது அவள்தான். எந்த இடத்தில் அவன் சொல்ல மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தானோ, அந்த இடத்தில் முழங்கையால் இடிப்பாள். "இன்னாயா, கம்முனு ஆயிட்டே? அப்போ படம் நல்லாக் கீது." அப்படியே எழுதுவான். ஒருமுறைகூட அவள் கணிப்பு தப்பியதில்லை.

அவள் போன பிறகும் காலி இருக்கைக்குக் கதை சொல்வதை அவன் நிறுத்தவில்லை. ஒருநாள் இருமல் வந்து பேச்சு நின்றபோது இருக்கை ஒரு சாண் மேலே எழும்பியது. பதறிப்போய் மறுபடி பேசினான், இறங்கிவிட்டது. அன்றிலிருந்து டைட்டில் முதல் கடைசி வரை ஓயாமல் பேசினான். வாயை மூடப் பயப்படுகிறவனுக்கு எந்தப் படம்தான் பிடிக்கும்? மூன்று வருடமாக எல்லாப் படத்தையும் 'சுமார்' என்றே எழுதினான், பாவம்.

போன கார்த்திகையில் அந்தக் காதல் படம் வந்தது. மொத்தம் பதினோரு பாட்டு. முதல் பாட்டிலேயே திரையிலிருந்து சாமந்தி கொட்டி, தியேட்டரில் முழங்கால் வரை நிரம்பியது. நாலாம் பாட்டில் முந்நூறு அகல் விளக்குகள் மிதந்து வந்து வரிசைகளுக்கு நடுவே நின்றன. ஜனங்கள் விசிலடித்தார்கள். ஜான் அசரவில்லை. "ஜெசி, பூவாக் கொட்டிக்கினு கீறான். இப்போ வெளக்கு வுடறான். செட்டு போட்டே சாவடிக்கிறான்மா."

ஒன்பதாம் பாட்டில் பூவுமில்லை, விளக்குமில்லை. மழை விட்ட தெருவில் கதாநாயகன் குனிந்து, கதாநாயகியின் அறுந்துபோன செருப்பு வாருக்கு ஊக்கு குத்துகிறான். விழாமலிருக்க அவள் அவன் தலையில் கையை ஊன்றிக்கொள்கிறாள். ஜான் பார்த்துக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்த பிறகுதான், தான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பினான். இருக்கை மடங்கியிருந்தது. "ஜெசி, ஒரு செருப்பு, வார் அறுந்துடுச்சு, அவன் குனிஞ்சி..." என்று முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான். அது இறங்கவில்லை. மீதிப் படம் முழுக்க அழுதான்.

கூட்டம் போன பிறகு முத்துமாரி துடைப்பத்தோடு வந்தாள்.

"அக்கா போய்ட்டாங்களா சார்?"

"போய்ட்டா."

"படம் எப்டிக் கீது?"

"நல்ல படம்மா," என்றான் ஜான். பத்திரிகைக்கும் அதையேதான் எழுதினான்.

முத்துமாரி நாலு கோணி சாமந்தியை அள்ளிக் கட்டி, மடங்கிய இருக்கைக்கு அடியிலும் சுத்தமாகப் பெருக்கினாள். மதியக் காட்சிக்கு அந்த இருக்கையை வேறு யாரோ எடுத்திருந்தார்கள்.