வெற்று வானம்

வீட்டு அலமாரியைத் துடைக்கத் துப்பில்லாதவள் வானத்தில் போய்த் தூசி தேடுகிறாளாம் என்று அக்கா வாய் ஓயாமல் கேலி செய்வாள். கேலி செய்தாலும் துடைப்பவள் அவள்தான். தங்கையின் ஆராய்ச்சி முடியும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள, வெளியூரில் கிடைத்த நல்ல வேலையையும் உதறியிருந்தாள்.

தங்கை ஆராய்ந்துகொண்டிருந்தது வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை. அதிலிருந்து பறந்த இரும்பும் சிலிக்கனும் ஆறி, தூசியாக உறைந்திருக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தத் தூசியின் லேசான சூடு அகச்சிவப்புத் தொலைநோக்கிக்குத்தான் தெரியும். ஆனால் பாழாய்ப்போன தொலைநோக்கிக்கும் சொந்தச் சூடு உண்டே! அதனால் பக்கத்திலேயே ஒன்றுமில்லாத வெற்று வானத்தையும் படமெடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்க வேண்டும். அந்த வெற்று இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான். கழித்துப் பார்த்தால் பொட்டுத் தூசி மிஞ்சவில்லை. மனம் ஒப்பாமல் அதே படங்களை வருடக்கணக்கில் குடைந்தாள்.

இன்று காலை வேறொரு குழுவின் வரைபடம் வந்தது. நட்சத்திரத்தின் மிச்சம் எல்லோரும் நினைத்ததைவிட வெகுதூரம் பரவியிருந்தது. அவளுடைய வெற்று வானமும் அதற்குள்ளேயே கிடந்தது. அந்த வெற்றுப் படத்தை மட்டும் தனியாகத் திறந்தாள். தொலைநோக்கியின் சூட்டுக்கு மேலாக அது தகதகவென்று ஒளிர்ந்தது. தூசியிலிருந்து தூசியைக் கழித்திருக்கிறாள், மடச்சி. அவளுடைய குழுத் தலைவர் திட்டக்கூட இல்லை. யாருக்கும் வரக்கூடிய தவறுதான் என்றார், இந்த மாதத்தோடு அவள் வேலை முடிகிறது என்பதையும் அதே குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல, தூசி கிடைத்ததா என்று சிரித்தாள்.

"இருந்துச்சுக்கா. நான்தான் கழிச்சுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"மறுபடியும் படம் எடுக்கலாம்ல?"

"முடியாது. குளிரூட்டுற திரவம் தீந்து போச்சு, விண்வெளியில போய் நிரப்பவும் முடியாது. அந்தத் தொலைநோக்கி இனி எதையும் பாக்காது."

அக்காவுக்குக் கேலி வரவில்லை. துணியை மடித்தாள், பிரித்தாள்.

"அப்போ நான் போகாம இங்கயே இருந்தது எதுக்குடி?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு ஏற்கெனவே துடைத்த அலமாரித் தட்டையே மறுபடியும் துடைக்கத் தொடங்கினாள்.