அடியில் கிடந்த சீட்டு

கூட்டுறவுப் பண்டகசாலையின் தலைவர் நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு ‘மைக்கு’ என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டார். போன வருடம் அந்த நாற்காலி அவர் மனைவியின் தங்கைக்குப் போய்விட்டது. அவரைத் துணைத் தலைவராக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மச்சினி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். கூட்டம் எப்படி நடந்தது என்று இயக்குநர்கள் ஏழு பேரும் முடிவில் பெயர் போடாமல் ஒரு வரி எழுதி, கதவோரப் பெட்டியில் போட வேண்டும். தலைமை தாங்கியவர் அவற்றை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். சண்டை குறைந்தது. வாயே திறக்காத தையல்காரம்மாகூடப் பேச ஆரம்பித்தார்.

“என் தங்கச்சி வந்தப்புறம் உங்க கூட்டத்துல யாரும் யார் சட்டையையும் பிடிக்கிறதில்லையாமே!” என்று மனைவி வேறு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி சொன்னாள். அவருக்குக் காதுவரை எரிந்தது.

அடுத்த மாதம் தேர்தல். மச்சினி பெயர் கெட்டால்தான் நாற்காலி திரும்பும். வீட்டிலேயே இடது கையால் எழுதினார்: ‘இன்று தலைமை தாங்கியவர் ஒருவரையும் பேச விடவில்லை.’ கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பெட்டியில் போட்டார்.

மச்சினி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. “இன்னிக்கு நீங்களே நடத்துங்க மாமா.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்குக் கூரை, எடை மெஷின், எல்லாவற்றுக்கும் அவரே கேள்வி, அவரே பதில். தையல்காரம்மா இரண்டு முறை கையைத் தூக்கி இறக்கினார். இன்னொரு இயக்குநரான லாரி ஓட்டுநரின் “அண்ணே, ஒரு நிமிஷம்” அவர் காதில் ஏறவில்லை. மற்றவர்கள் சீட்டு எழுதும்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

பேச்சு மும்முரத்திலேயே பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் கிடந்தது மேலே வந்தது. கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். பாதியில்தான் எழுத்து யாருடையது என்று உறைத்தது. வாயோ பழக்கதோஷத்தில் நிற்கவில்லை, முழுதும் வாசித்துவிட்டது.

“யார் எழுதினாங்களோ, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க,” என்றார் ஓட்டுநர். தையல்காரம்மா தலையாட்டினார்.

மச்சினி மட்டும் தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். “பரவாயில்லை மாமா. எனக்கும் முதல் மாசம் இப்படித்தான் வந்துச்சு. அடுத்ததைப் படிங்க,” என்று கிசுகிசுத்தாள்.

தன்னால் அவளுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டார். இன்னும் ஆறு சீட்டு பாக்கி இருந்தது.