அரியர் விழாவிட்டால்

“அரியர் வுழுந்தா காலேஜுக்கு முழுக்கு. எங்கூட மரவள்ளி புடுங்க வந்துடணும்” என்று இருசப்பன் மகளிடம் சொல்லியிருந்தார். கள்ளக்குறிச்சியில் முதலாண்டு கணிதம் படிக்கும் நிர்மலா, தேறிவிட்டால் கவலையில்லை என்றிருந்தாள்.

தர்க்க வகுப்பில் அந்த நிம்மதி போயிற்று. ஆசிரியர் ஓர் உதாரணம் சொன்னார்: சந்தை நாளென்றால் பஸ் நிரம்பும் என்பதால், மற்ற நாளில் நிரம்பாது என்றாகிவிடாது. முகூர்த்த நாளிலும் நிரம்பும். அப்படியானால் அரியர் விழாவிட்டாலும் அப்பா படிப்பை நிறுத்தலாம். அது சொல் தவறியதாகாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “அப்பா, அரியர் இல்லன்னா படிக்க வெப்பியா? அத நீ சொல்லவே இல்லியே.”

“அடி இவளே, வக்கீலுக்கா படிக்கிற?” என்று அம்மா ஆயம்மாள் சிரித்தாள்.

இருசப்பன் சிரிக்கவில்லை. காலில் ஒட்டிய செம்மண்ணைச் சுரண்டினார். “மேஸ்திரி ஜோடியா வந்தாத்தான் வேலன்றான்மா. ஒங்கம்மாவாலயும் முடியல. நீ பாஸானாலும் இன்னா பண்றதுன்னு நானே யோசிச்சிக்கினு இருந்தேன்.”

நிர்மலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “லீவுல நான் வரேம்ப்பா. பாஸானா படின்னு மட்டும் சொல்லிடு.”

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். “பாஸானா படி. அரியர் வுழுந்தா, அத எழுதி முடிச்சிட்டுப் படி. இதுல எங்கனா ஓட்ட இருக்குதா, பாத்து சொல்லு.”

நிர்மலா யோசித்துப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை.